ஒன்பது அடி ஏழு அங்குலம்

தரை போடுவது என் தொழில். கட்டட வேலைக்காரர்கள் என்னை 'அரை இஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு குளியலறையில் தண்ணீர் ஓட்டத்துக்குச் சரிவு அரை இஞ்சு குறைந்ததென்று, ஒட்டி முடித்த டைல்ஸ் முழுவதையும் பெயர்க்கச் சொன்னவன் நான். ஒட்டியவர் அன்று சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் செய்த காரியம் இது.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கூடைப்பந்து என்றால் உயிர். பள்ளியில் அதற்கு மைதானம் கிடையாது. வீட்டிலேயே ஒரு வளையம் மாட்டித் தரச் சொல்லி ஒரு வருடம் நச்சரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டின் பின்சுவரில் நான்கு ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி, பலகையும் வளையமும் மாட்டினேன். தரையிலிருந்து வளையம் பத்தடி இருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. டேப் பிடித்து மூன்று முறை அளந்தேன். மயிரிழை பிசகவில்லை.

பிசகியது அதற்கப்புறம்தான். மண் தரையில் பந்து எழும்பவில்லை. "தட்டினா அங்கேயே படுத்துக்குதுப்பா" என்றாள். அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. மறுவாரமே ஜல்லி பரப்பி, இடித்து இறுக்கி, காங்கிரீட் போட்டு வழவழவென்று தேய்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். வளையம் தாழ்ந்து தெரிந்தது. தரை உயர்ந்தால் வளையத்தின் உயரம் குறையும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டேப்பைப் போட்டேன். ஒன்பது அடி ஏழு அங்குலம்.

பலகையை மேலே ஏற்றலாமென்றால் ஜன்னல் சன்ஷேடு இடித்தது. அதைத் தாண்டி முன்னால் நிற்கிற மாதிரி இரும்புச் சட்டம் அடித்து, புது ஓட்டை போட்டு, எப்படியும் இரண்டு நாள் வேலை. அஞ்சு இஞ்சுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுருட்டினேன். அந்த 'அப்புறம்' ஒன்றரை வருடம் ஓடியது.

தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் இருபது பந்து எறிவாள். பதினாறு, பதினேழு உள்ளே விழும். விழ விழ அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல்தான். அதற்கு மேல், தப்பு செய்தேன் என்று சொல்ல என் வாய் பழகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கிளப்பில் அணிக்கு ஆள் எடுத்தார்கள். கோட்டிலிருந்து இருபது பந்து, பன்னிரண்டு விழுந்தால் இடம். என் மகளுக்கு விழுந்தது நான்கு. மற்றவை எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. ஏன் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தேள் கொட்டிய திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது, "பதட்டம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து பந்தைத் தொடவில்லை. தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டென்று கிளப்பிலிருந்து விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி. "எனக்கு வராதும்மா, விட்டுடுங்க" என்று அதை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவளுக்கு வேதவாக்கு" என்றாள் என் மனைவி. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் மகளைப் பின்பக்கம் கூப்பிட்டேன். ஏணியில் ஏறி டேப்பின் நுனியை வளையத்தில் வைத்துக்கொண்டு, "கீழ எவ்வளவுன்னு பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "ஒன்பதடி ஏழு."

"பத்து இருக்கணும். தரை போட்டப்ப குறைஞ்சு போச்சு. உன் மேல தப்பே இல்லம்மா. நீ சரியாத்தான் பழகியிருக்க, நான்தான் தப்பா மாட்டி வெச்சேன்."

இன்னொரு முறை அளந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்: "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "காங்கிரீட் காயறதுக்கு முன்னாடியே."

"அன்னைக்குப் பதட்டம்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"மூணு வாரமா நான் என் கையைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்பா. நீங்க பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் டேப்பைத் தரையில் வைத்துவிட்டு, "அம்மா, அந்த விண்ணப்பத்தைக் கிழிச்சிடாதீங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

எனக்கு உயிர் வந்தது. "நாளைக்கு லீவு போட்டு நானே சரியா ஏத்தி மாட்டிடறேன்" என்றேன்.

"நீங்க வேண்டாம்பா" என்றாள், மரியாதையாக, வாடிக்கையாளர் சொல்வதுபோல. "வேற யாராவது மேஸ்திரியைக் கூப்பிடுங்க. அளவை நான் கூட நின்னு பார்த்துக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன்.