ராகுகாலத்தில் நின்ற பாய்லர்

சவுரிராயனுக்கு லாரி லைசென்ஸ் கிடைத்த நாளில் அவன் தெருவே கொண்டாடியது. கூலிக்கு நாற்று நட்டே முதுகு வளைந்த சனத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவன். வரப்பில் நின்று ‘டேய்’ போட்டவர்களே லாரியில் இடம் கேட்கும்போது ‘டிரைவரே’ என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு பாரத்தையும் இழுப்பான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். அரிசி மில் முதலாளி தேவநாதன் திண்டிவனத்தில் மூடிக்கிடந்த ஒரு மில்லின் பழைய பாய்லரை வாங்கினார். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தம் மில்லுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். லாரியில் ஏற்றியதும் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அந்த அகலத்துக்கும் பாரத்துக்கும் தனி பர்மிட் வேண்டும். கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: காலை பத்து மணிக்குள் விழுப்புரம் டவுனைக் கடந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை விடியும்போதே சவுரிராயன் தயார். பூசை போட வேண்டிய அய்யர்தான் ஆடி அசைந்து வந்தார். அதற்குள் ராகுகாலம் தொடங்கிவிட்டது.

“ஒம்போதுக்கு மேல எடுக்கலாம்” என்றார் தேவநாதன்.

“மொதலாளி, இந்த பாரத்த வச்சிக்கினு வண்டி ஊர்ந்துதாங்க போவும். இப்பவே எடுத்தாதான் பர்மிட்டு நேரத்துக்குத் தாண்டலாங்க.”

“உங்க ஏசு வேதத்துல ராகுகாலம் கெடையாதுடா. போறது என் பாய்லரு. போலீச நான் பாத்துக்கறேன்.”

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். உச்சி வெயில் நெருங்கும்போது விழுப்புரம் எல்லையில் இன்ஸ்பெக்டர் லாரியை மறித்தார். முன்னால் காரில் போன தேவநாதன் இறங்கி வந்தார்.

“விடியக்காலமே எடுக்கச் சொன்னேங்க சார். எங்க தூங்கிக் கெடந்தானோ!”

சாமி பேரைச் சொல்லி வண்டியை நிறுத்திய அந்த நாக்கு, பொய் சொல்லக் கொஞ்சமும் கூசவில்லை. சவுரிராயன் நடந்ததைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் இருவரையும் பார்த்தார். ஒருவர் கழுத்தில் தங்கச் சங்கிலி. இன்னொருவன் காலில் செருப்புகூட இல்லை. விசாரணை அதோடு முடிந்தது. லைசென்ஸ் இன்ஸ்பெக்டரின் பைக்குள் போனது.

புதன்கிழமைக்குப் புது பர்மிட் வந்தது. இந்தத் தடவை நிபந்தனை கூடியிருந்தது: வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். ஓட்டுவதற்கு மாரியப்பன் என்று வேறொருவன் வந்தான். கொடியைத் தேவநாதன் சவுரிராயனிடம் நீட்டினார்.

“புடிச்சிக்கினு நட. மில்லு போய்ச் சேந்ததும் ஒன் லைசென்ச வாங்கித் தர்றது என் பொறுப்பு.”

அவன் நடந்தான். கடைவீதியில் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஆள் பார்த்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. பின்னாலிருந்து மாரியப்பன் ஆரன் அடித்துக்கொண்டே வந்தான்.

மில் வாசலில் மாரியப்பனுக்கு மாலை விழுந்தது. சவுரிராயன் ஒதுங்கி நின்று கேட்டான்.

“மொதலாளி, லைசென்சு...”

“ராசி கெட்ட கைடா ஒன்னுது. முந்தாநாளு என்னா பேஜாரு பண்ணிட்டே! அத எப்பிடி நான் போய்க் கேக்கறது?” என்றார் தேவநாதன். தாம் சொன்ன பொய்யைத் தாமே நம்பிவிட்டிருந்தார். “சாப்பாடு போடறாங்க. கொட்டாய்க்குப் பின்னால போய் ஒக்காரு.”

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனால் காலையிலிருந்து வெறும் வயிறு. சவுரிராயன் கொட்டாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.