ட்ரெவனா வீட்டுக் குழந்தைகள்

மழையை நம்பிக் கோதுமை விதைத்து ஏமாந்தவர்களின் கல்வீடுகள் ஃப்ளிண்டர்ஸ் மலையடிவாரமெங்கும் கூரையில்லாமல் நிற்கின்றன. அவற்றில் ட்ரெவனா வீட்டுக்கு மட்டும் திடீர் யோகம் அடித்தது. முதல் குடியேறிகளின் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைக்கப் போகிறார்களாம். பலகை வந்தால் கார்கள் வரும், கார்கள் நிற்க இடம் வேண்டும். கொல்லையைச் சமப்படுத்த அன்று காலையே மண் வழிக்கும் எந்திரம் வந்துவிட்டது.

அடிலெய்டிலிருந்து மெர்ல் ட்ரெவனா ஓடி வந்ததும் அதற்காகத்தான். அந்தக் கொல்லையில் அவள் தாத்தாவின் உடன்பிறப்புகள் ஐந்து பேர் புதைந்து கிடக்கிறார்கள். ஒரே வாரத்தில் தொண்டை அடைப்பான் வாரிக்கொண்டுபோன குழந்தைகள். கல் நட வழியில்லாத தாய், தலைமாட்டில் வெள்ளை ஐரிஸ் கிழங்குகளைப் புதைத்து வைத்தாள். ஆகஸ்டில் பூத்து அவைதான் இடத்தைக் காட்டும். ஏழு வயதில் ஒரே ஒருமுறை மெர்ல் அதைப் பார்த்திருக்கிறாள்.

இப்போதும் ஆகஸ்டுதான். கொல்லை மொட்டையாகக் கிடந்தது.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி லெஸ் பெருமையாகச் சிரித்தான். “எப்படி, பளிச்சுனு இருக்கா? பலகை வைக்கற கமிட்டிக்காரங்க வர்றாங்கன்னு ஜூன்லயே களைக்கொல்லி அடிச்சேன்.”

“பூச்செடி இருந்துச்சேடா?”

“பூவா? கோரை மாதிரி என்னமோ கிடந்தது. ரெண்டு தடவை அடிச்சும் சாகல. சனியனை உழுது தள்ளிட்டேன்.”

“அது கோரை இல்லடா, மடையா. நம்ம குழந்தைங்க.”

லெஸ் உழுத மண்ணிலிருந்து கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கமிட்டித் தலைவர் ஹார்லன் முளைக்குச்சிகளோடு வந்தார். “கல்லறை எங்கன்னு கைகாட்டுங்கம்மா, அதை விட்டுடறோம். ஆனா எந்திரம் இன்னைக்கு மட்டுந்தான்.”

மெர்ல் மொட்டைக் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு இடிந்த சமையற்கட்டின் பின்மூலையைக் காட்டினாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கே முளையடித்தார். எந்திரம் மற்ற இடத்தையெல்லாம் முழங்கால் ஆழத்துக்கு வழித்தது.

“நிஜமாவே அங்கதானா, மெர்ல்?” லெஸ் அவள் காதருகே வந்து கேட்டான்.

“எனக்கெப்படிடா தெரியும்? எதையாவது காட்டலேன்னா மொத்தத்தையும் வழிச்சிருப்பாங்க.”

பலகை திறந்த அன்று முளையடித்த இடத்தில் மலர்வளையம் வைத்துப் பாதிரியார் ஜெபித்தார். ஊரே அந்தப் பக்கம் தலைகுனிந்து நின்றது.  மெர்ல் மட்டும் திரும்பி, வழித்த கொல்லையில் நின்ற நாற்பது கார்களின் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.