தோல் மேஸும் யானைக்கால் சப்பாத்தும்

மக்கீன் உடுப்புப் பொதியை உடைத்துக் கடைவாசலில் கொட்டியிருந்தான். வெள்ளைக்காரர் உடுத்துக் கழித்ததை இறுக்கிக் கட்டிக் கப்பலில் அனுப்புகிற பொதி. கல்முனை பஸாரில் பெருநாள் உடுப்பையே அதில் தேடி எடுக்கிறவர்கள் உண்டு. நான் தேடிப் போனது பனியில் நடக்கிற சப்பாத்து.

"எங்க காக்கா பனி? நுவரெலியாவுக்கா போறீங்க?"

"ஒஸ்திரியாவுக்கு."

"அது எந்தப் பக்கம்?"

"நீ விக்கிற உடுப்பெல்லாம் வாற பக்கம்தான்."

மக்கீன் சிரித்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு சோடி எடுத்து வந்தான். ஒன்று கபில நிறத் தோல் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே ஏறும். சிவப்புக் கயிறு, அதைக் கொளுவி இழுக்கப் பித்தளைக் கொளுக்கிகள். பார்த்தால் ஒரு பொலிஸ் பெரியவர் போடுகிற மாதிரி இருந்தது. மற்றது சாம்பல் நிறத்தில் ஊதிப்போன சாமான். வெளியே மழைக்கோட்டுச் சீலை, உள்ளே மெத்தை, அடியில் றப்பர். இடது வலது என்ற வித்தியாசம்கூட அதற்கில்லை, எந்தக் காலை எதற்குள் விட்டாலும் ஒன்றுதான்.

"இது யானைக்கால் வந்த ஆக்களுக்குத் தைச்சதாடா?"

"காக்கா, இத நீங்க கொண்டு போனா எனக்குப் புண்ணியம். உள்ளுக்க எலி குடியிருக்கு."

நான் தோல் சப்பாத்தை எடுத்தேன். வயலிலும் மில்லிலும் வெறுங்காலோடு நடந்து விரிந்துபோன கால் என்னுடையது. நுழைக்கவே மூச்சு முட்டியது. ஆனால் சப்பாத்து என்றால் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும், போடப் போட இளகும் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் வாங்குவது. நானும் அப்படியே நினைத்தேன்.

எதற்கு இந்தச் சப்பாத்து என்று சொல்ல வேண்டும். மீசை முளைக்க முந்தியே நிந்தவூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கத் தொடங்கியவன் நான். எழுத்தைப் படித்தது என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவர்களுடைய புத்தகத்திலே. குவைத்துக்குப் போனேன், அங்கேயும் மூட்டைதான். அரிசி, சீனி, மா. களஞ்சியத்திலிருந்து லொறிக்கு, லொறியிலிருந்து களஞ்சியத்துக்கு. இப்போது காலையில் எழும்பினால் முதுகு என் சொல்லைக் கேட்பதில்லை. அதை நிமிர்த்த நான் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

குவைத்தில் எங்கள் சின்ன முதலாளிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பனிக்காலத்தில் ஒஸ்திரியா மலைக்குப் போவார். இரண்டு காலையும் ஒரு பலகையில் கட்டிக்கொண்டு மேலேயிருந்து கீழே சறுக்கி வருவார். பலகை சுமக்க, சோறு சமைக்க, சாமான் பார்க்கக் களஞ்சியத்து ஆட்களில் ஒருவரைக் கூட்டிப் போவார். அந்தக் குளிரில் தாக்குப் பிடித்தவனுக்குப் பிறகு களஞ்சியம் இல்லை. வீட்டோடு வேலை. மூட்டையே கிடையாது. தாக்குப் பிடிக்காவிட்டால் இரண்டும் இல்லை. போன முறை போன வங்காளி கால்விரல் வீங்கித் திரும்பி வந்தார். அவரை ஊருக்கே அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை என்னைக் கேட்டார். நான் ஓம் என்றேன். "உடுப்பும் சப்பாத்தும் உன் பொறுப்பு. லீவு முடிந்து வரும்போது கொண்டு வா" என்றார். பனியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பயமில்லை. ஒரு சாமானைச் சுமக்க முந்தி அதைத் தூக்கிப் பார்க்கிறவன் நான். குளிரையும் ஒருக்கால் தூக்கிப் பார்த்தால் போகுது என்று நினைத்தேன்.

அதற்கு இராசதுரை இருந்தான். பாண்டிருப்புக்காரன், கடற்கரையில் மீன்வாடிக்குப் பக்கத்து ஐஸ் அறைக்குப் பொறுப்பு. ஐஸ் கட்டிகளை உமிக்குள் அடுக்கி வைத்திருக்கிற அறை அது. கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும்.

வீட்டில் வைத்தே எல்லாவற்றையும் போட்டேன். இரண்டு பெனியன், ஒரு சேட், இரண்டு சுவெட்டர், மேலே கோட். கீழே சாரனை மடித்துச் சுற்றிக்கொண்டு அதற்கு மேலே நீளக் களிசான். காலுறைக்கு மூன்று சோடி நூல் மேஸ். அவ்வளவையும் போட்டுக்கொண்டு அந்தத் தோல் சப்பாத்துக்குள் காலை விட, என் பெண்சாதி சுபைறா பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

"இஞ்ச பாருங்க, இந்த வெயிலுக்க இப்படிப் போனா ஊரு என்ன கதைக்கும்?"

"ஊரு எனக்கு மூட்ட தூக்கித் தருதா?"

ஐப்பசி மழை இன்னும் இறங்கவில்லை. பகல் வெயில் தார் றோட்டில் கொதித்தது. நிந்தவூர் பஸ் ஒன்று எனக்காகவே மெதுவாகப் போனது. ஜன்னலால் ஒருவன் தலையை நீட்டி, "காக்கா, கலியாணம் எவடத்த?" என்றான். கிணற்றடியில் நின்ற பெண் மற்றவளிடம், "மலேரியா போல புள்ள, பாவம்" என்றது காதில் விழுந்தது. எனக்கு நடக்கவே மூச்சுப் போதவில்லை. முதுகில் வியர்வை வாய்க்கால் மாதிரி ஓடியது.

இராசதுரை என்னைக் கண்டதும் கையிலிருந்த ஐஸ் இழுக்கிற கொளுக்கியைக் கீழே வைத்தான்.

"ஆரது? மீராசா காக்காவா? நான் ஆரோ மீன் களவெடுக்க வந்திட்டான் எண்டெல்லுவா பாத்தன்!"

"கதவத் திற தம்பி. லொறிக்கு ஐஸ் ஏத்தி முடியிற மட்டும் நான் உள்ளுக்க நிக்கப் போறன்."

"நிண்டு?"

"நிண்டு பாக்கப் போறன்."

அவன் திறந்தான். உள்ளே போனதும் சுவர்க்கம் மாதிரி இருந்தது. வெயிலில் வந்தவனுக்கு அப்படித்தானே இருக்கும். "இவ்வளவுதானா குளிர்?" என்று சத்தமாகவே கேட்டேன். இராசதுரை கட்டிகளை இழுத்தான்.

கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒரு ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி ஆனது. ஓடின வியர்வையெல்லாம் அப்படியே குளிர்ந்தது. பெனியன் தோலோடு ஒட்டிக்கொண்டது. மேலே எவ்வளவு சுற்றியிருந்தாலும் குளிர் வெளியே இருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்தது. பல் அடித்தது. கால்விரல் முதலில் வலித்தது, பிறகு வலியும் இல்லை, விரலும் இல்லை. கீழே பார்த்தால் சப்பாத்து இருக்கிறது, அதற்குள் என் கால் இருக்கிறதா என்று சத்தியமாகத் தெரியவில்லை. லொறி பாதிகூட நிரம்பவில்லை. நான் வெளியே வந்து மணலில் குந்திவிட்டேன்.

இராசதுரை சப்பாத்தைக் கழற்றி என் காலைத் தன் உள்ளங்கையால் தேய்த்தான்.

"காக்கா, ஒங்கள உமிக்குள்ள வெச்சி கொழும்புக்கு அனுப்பலாம். பழுதாகாம போய்ச் சேருவீங்க."

"சிரிக்காத. நீ எப்பிடி நாள் முழுக்க நிக்கிறாய்?"

"நான் ஈரத்தோட உள்ளுக்க போறல்ல. போனாலும் சும்மா நிக்கிறல்ல. அவ்வளவுதான். வேற எனக்கென்ன தெரியும்?"

வீட்டுக்குத் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஈரம் என்றால் எனக்குத் தெரியாததா? அடுக்கின மூட்டைகளுக்கு நடுவில் ஈர மூட்டை ஒன்று மாட்டினால் மேலே எவ்வளவு படங்குச் சீலை மூடினாலும் பயனில்லை. நடுவில் இருக்கிறது காய்ந்திருக்க வேண்டும். நான் என்னை நனைத்துவிட்டு மேலே படங்கு போட்டிருக்கிறேன். இது மூளைப் பிழை, குளிரின் பிழையில்லை. அப்படி நினைத்ததும் மனம் பாரம் குறைந்தது.

சுபைறா என் காலைச் சுடுதண்ணீரில் வைத்துவிட்டுச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தாள். கயிற்றையும் கொளுக்கிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத அவிழ்க்கவே ஒரு தொழுக வக்துப் போயிரும். அங்க தொழுகைக்குக் கைகால் கழுவி எப்பிடி ஒழு எடுப்பீங்க? அஞ்சு வக்துக்கும் பனிக்குள்ள வெறுங்காலக் கழுவுறதா?"

சப்பாத்து, சுவெட்டர், கோட் என்று எல்லாம் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

இதற்கு மார்க்கச் சட்டம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். சின்ன வயதில் பள்ளிவாசலில் ஓதும் காலத்தில் அந்த இடம் வந்தால் ஓதித் தருகிற லெப்பை பக்கத்தைப் புரட்டிவிடுவார். "இது பனி விழுற நாட்டாக்களுக்கு. வெறுங்காலோட திரியிற ஒங்களுக்கு என்னத்துக்கு?" என்பார். நாங்கள் சந்தோஷமாகச் சிரிப்போம், ஒரு பாடம் குறைந்ததென்று. தமிழ் எழுத்தில் அச்சடித்த சட்டக் கிதாபு ஒன்று வீட்டில் இருந்தது. எடுத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். சுபைறா விளக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

காலைக் கழுவி ஒழுவை முடித்து, அதற்குப் பிறகு தோல் மேஸைப் போட வேண்டும். அது கணுக்காலை மூட வேண்டும். ஓட்டை இருக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. அதோடு நடக்க முடிய வேண்டும். அப்படிப் போட்டவன் பிறகு ஒழு எடுக்கும்போது காலைக் கழுவ வேண்டாம், ஈரக்கையால் மேஸின் மேலே தடவினால் போதும். ஊரில் இருப்பவனுக்கு ஒரு நாள், பயணத்தில் இருப்பவனுக்கு மூன்று நாள்.

"ஓட்ட இரிக்கக் கூடாது, தண்ணி எறங்கக் கூடாது, கணுக்கால மூடணும்..." சுபைறா விரல் மடித்தாள். "இது ஒழுவுக்குச் சொன்னதா, பனிக்குச் சொன்னதா?"

"ரெண்டுக்கும்தான் புள்ள."

"அப்ப அந்த மேஸுக்கு மேல இந்தப் பொலிஸ் சப்பாத்து ஏறுமா?"

ஏறாது. நூல் மேஸுக்கே ஏறவில்லை. தோல் மேஸுக்கு மேலே போடுகிறது அகலமாக இருக்க வேண்டும், ஒழு எடுக்க இழுத்தவுடன் கழர வேண்டும். அப்படி ஒன்றைத்தான் நான் யானைக்கால் என்று தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் மக்கீன் கடைக்குப் போய்த் தோல் சப்பாத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"மற்றதத் தா."

"யானைக்காலயா?" அவன் என் முகத்தைப் பார்த்தான். "காக்கா, தலைக்குச் சூடு ஏறினதா, குளிர் ஏறினதா?"

"எலிய எழுப்பிட்டுத் தா. அதோட ஆட்டு மயிர்க் கம்பளியில தோலோட ஒட்டிப் போடுற உள்ளுடுப்பு இருந்தா பாரு."

இருந்தது. கையும் காலும் நீளமாக, மெல்லிய கம்பளியில், ரோசா நிறத்தில், கழுத்தில் சின்னப் பூ வைத்து. ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியுடையது. மக்கீன் அதை உயர்த்திப் பிடித்துப் பஸார் முழுக்கக் காட்டினான்.

"வீட்டில ராத்தாவுக்கா காக்கா?"

"எனக்குத்தான். உள்ளுக்க போடுறத்துக்கு நீ சாட்சிக்கு வரப் போறியா?"

சாரனுக்குக் கட்டுகிற அகலப் பெல்ட் தைக்கிற காலிதீன் பஸார் முனையில் இருந்தார். ஆட்டுத்தோலில் மேஸ் தைக்க வேண்டும் என்றதும், "மனிசனுக்கா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் காலை ஒரு கடதாசியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறினார். விரிந்த விரல்களையும் சேர்த்துத்தான் கீறினார். தைத்து முடித்ததும் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டோம். ஒரு தையலில் கசிந்தது. மெழுகு போட்டு மறுபடி தைத்தார். பிறகு கசியவில்லை.

இரண்டாம் முறை ஐஸ் அறைக்குச் சாரனோடும் வெறும் மேலோடும் போனேன், உடுப்பைப் பொட்டலமாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு. பின்னேரத் தொழுகையான அஸருக்கு முந்திய நேரம். அறைக்கு வெளியே நிழலில் வியர்வை காயும்வரை உட்கார்ந்தேன். கிணற்றில் ஒழு எடுத்துக் காலைத் துடைத்துத் தோல் மேஸைப் போட்டேன். அதற்குப் பிறகு உள்ளே போய்த்தான் மற்றதெல்லாம். தோலோடு கம்பளி. அதற்கு மேலே காற்று நிற்கிற மாதிரித் தளர்ந்த ஒரேயொரு சுவெட்டர். அதற்கு மேலே காற்றுப் புகாத கோட். காலுக்கு யானைக்கால்.

இராசதுரை ரோசாப் பூவைக் கண்டுவிட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சாளிட உடுப்ப ஏன் காக்கா கொண்டந்தீங்க?"

"சிரிச்சு முடிஞ்சா மற்றக் கொளுக்கியத் தா. சும்மா நிக்கக் கூடாதெண்டு நீதானே சொன்னாய்."

இரண்டு பேருமாகக் கட்டி இழுத்தோம். குளிர் வந்தது. கன்னத்தில் வந்தது, மூக்கில் வந்தது. ஆனால் உள்ளே வரவில்லை. வியர்க்கும் போல இருந்தால் கோட்டைத் திறந்தேன், நின்றால் மூடினேன். விரல்களைச் சப்பாத்துக்குள் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். பத்தும் பதில் சொன்னது. லொறி நிரம்பியது. அஸருக்குப் பாங்கு கேட்டது. சப்பாத்தை உதறிக் கழற்றி, முகத்தையும் கையையும் கழுவி, தலையையும் தடவி, உருகின ஐஸ் தண்ணீரில் நனைத்த கையால் தோல் மேஸின் மேலே தடவினேன். சாக்கை விரித்து அங்கேயே தொழுதேன். தொழுகை முடிய ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் இராசதுரை வாசலில் வெயிலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க இரிங்க காக்கா," என்றான். "எனக்கு ஏலாது."

தை மாதம் ஒஸ்திரியாவில் இறங்கினோம். பனியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையாக இருந்தது, நிறைய இருந்தது. காலையிலிருந்து பலகையையும் பைகளையும் சுமந்துகொண்டு சின்ன முதலாளிக்குப் பின்னால் ஏறினேன். என் சப்பாத்தைப் பார்த்து அவர் சிரித்தார். நான் சிரிக்க விட்டேன்.

சாயங்காலம் மர வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக, "காலைக் காட்டு" என்றார். போன முறை பட்ட பயம் அவருக்கு. சப்பாத்தை உதறினேன். உள்ளே தோல் மேஸைக் கண்டதும் குனிந்தார்.

"இது குஃப்பா?" அறபியில் தோல் மேஸுக்கு அதுதான் பெயர்.

"ஓம்."

"பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக்கினேன். ஒரு மனிதன் போட்டு இன்றைக்குத்தான் காண்கிறேன்." கழற்றச் சொன்னார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "என் காலைவிடச் சூடாக இருக்கிறது."

"இஷாத் தொழுகைக்கு மறுபடி கழுவித்தான் போட வேண்டும். நீங்கள் கழற்ற வைத்துவிட்டீர்கள்" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு, "குவைத்துக்குப் போனதும் களஞ்சியத்துக்குப் போகாதே. உன் பெட்டியை நேரே வீட்டுக்குக் கொண்டு வா" என்றார்.

நான் எழும்பிப் போய் அவருடைய நனைந்த சப்பாத்துகளை எடுத்து, கயிற்றை முழுதாக இளக்கி, வாயைத் திறந்து, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் காய வைத்தேன்.