காற்றடிக்கும் கைப்பிடி

அந்தத் தேவாலயத்தின் குழாய் ஆர்கனுக்கு வயது நூற்று நாற்பது. அதைப் பழுதுபார்க்க வந்தவள், அதை வாசிப்பவனின் கூடப் பிறந்த அக்கா. அம்மாவின் அடக்கத்துக்குத் தம்பி வராததிலிருந்து, மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேறு ஆள் கிடைக்காமல் பாதிரியார் அவளையே கூப்பிட்டுவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க ஆர்கனின் வயிற்றுக்குள் கிடந்தாள். விரல் பருமனிலிருந்து ஆள் நுழையும் அகலம் வரை ஆயிரத்துக்கு மேல் குழாய்கள். கட்டையை அழுத்தினால் மரச்சட்டம் இழுபட்டு, குழாயடியில் மூடி திறக்கும், துருத்தியின் காற்று ஏறும், குழாய் பாடும். ஒரு மூடியில் தூசி அடைத்து, ஒரு சுரம் மட்டும் ஓயாமல் ஊளையிட்டது. சரிசெய்தாள். துருத்திப் பக்கச் சுவரில் பென்சில் கிறுக்கல்: 'இன்றைய பிரசங்கம் ஒன்றே கால் மணி. ஆண்டவரே!' மோட்டார் வருமுன் கையால் காற்றடித்தவன் எவனோ எழுதியது. சிரிப்பு வந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

ஞாயிறு காலை, முதல் பாட்டின் நடுவே கரண்ட் போனது. ஆர்கன் முனகி அடங்கியது. பழுது திரும்பினால் பார்க்க ஆர்கனுக்குப் பின்னால் நின்றிருந்தவளிடம் தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, துருத்தியோட அந்தப் பழைய கைப்பிடி வேலை செய்யுமா?"

"செய்யும். போய் உக்காரு."

உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அடித்தாள். துருத்தியில் காற்று எவ்வளவு என்று காட்ட நூலில் ஓர் ஈயக்குண்டு தொங்கும்; காற்று குறைந்தால் அது மேலேறும். அவன் பழக்கதோஷத்தில் எல்லாக் குழாய்வரிசையையும் திறந்துவிட, குண்டு விறுவிறுவென்று ஏறியது.

"டேய், இத்தனை காத்துக்கு நான் எங்கடா போவேன்? குறைடா!"

முன்வரிசை சிரித்தது. அவன் ஒவ்வொன்றாக மூடி, மெல்லிய குழாய்களோடு நிறுத்திக்கொண்டான். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் பாட்டை இழுத்து நிறுத்தினான்.

ஆராதனை முடிந்ததும் தண்ணீரோடு வந்தான். தோள் இரண்டும் கழன்றதுபோல் உட்கார்ந்திருந்தவள் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு ஏன்டா வரலை?"

"வாசல் வரைக்கும் வந்தேன்க்கா. உள்ளே யாரோ அம்மாவுக்காக வாசிச்சிட்டிருந்தாங்க. அதைக் கேட்டதும் உள்ளே வர முடியலை. திரும்பிட்டேன்."

மூன்று வருடமாக அவனைத் திட்ட எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். வாய்க்கு வந்தது இது மட்டும்தான்.

"மடையா, என் பக்கத்துல வந்து நின்னிருக்கலாம்ல. நான் தனியா நின்னேன்."

"தப்புதான்."

கோபம் முழுக்கத் தீர்ந்ததென்று சொல்ல முடியாது. தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த ஆராதனைக்கும் கரண்ட் வராதாம். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"ஒரு பாட்டுக்கு நான் அடிக்கிறேன். நீ வாசி."

"எனக்கு ரெண்டு பாட்டுதான்டா தெரியும்."

"அதுல ஒண்ணை வாசி."