மொதலாளிக்கு ஊசி

மூத்தவள் ஒரு கையால் கூடையின் மூடியை அமுக்கிப் பிடித்தபடி, தோளால் மிருக ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வீட்டில் அப்பா பெட்டிக்குள் கிடக்கிறார். மதியம் எடுத்துப்போக வண்டி வந்துவிடும். கிளம்பும்போது அத்தை வாசலை மறித்துக்கொண்டு, "பெத்த அப்பன் அங்க கிடக்குறான், நீ முயலைத் தூக்கிக்கிட்டு எங்கடி போற?" என்று கேட்டபோது இவள் அவளை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். நாலு பேர் முன்னால் சொல்கிற மாதிரியான காரணமா அது!

அப்பா பிளம்பர். வேலை முடிந்ததும் "மூடியாச்சா?" என்று கேட்பார். மூடியாச்சு என்று எவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, தானே போய்க் குழாயை ஒருமுறை திருகிப் பார்த்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவர், வேலைக்குப் போன ஒரு வீட்டில் துள்ளிக்கொண்டிருந்த முயல்கள் மறுநாள் காலையில் ஏதோ தொற்றுநோயில் விறைத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு வாசலிலேயே செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குளித்து உடுப்பு மாற்றிய பிறகும் தன் முயலின் பக்கம் போகவில்லை. மொதலாளி என்றுதான் அதைக் கூப்பிடுவார். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குத் தின்றுவிட்டு எல்லோரையும் முறைக்கிறதாம்.

"மொதலாளிக்கு ஊசி போடணும்மா," என்றார்.

"வீட்டை விட்டு வெளியவே போகாத முயலுக்கு எதுக்குப்பா ஊசி?"

"அது போகல. நாம போயிட்டு வர்றோமே."

அதற்குள் அவரே படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, பில்லைப் பற்றிக் கேட்கவில்லை, ஊசி போட்டாச்சா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இவளுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு நாளும் அலுப்பில் போய்விட்டது. கடைசியாகப் பார்த்த சாயங்காலம், மூச்சு வாங்க வாங்க அவர் திரும்பவும் கேட்டபோது, "போட்டாச்சுப்பா," என்று சொல்லிவிட்டாள். எழுந்து போய்த் திருகிப் பார்க்க அவரால் முடியாது. தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

அதிலிருந்து அந்தக் கேள்வி இவளை விடவே இல்லை. அடுப்படிக் குழாயைத் திறந்தால் கேட்கிறது. அவர் சட்டையை மடித்தால் பிடரிக்குப் பின்னால் கேட்கிறது. போட்டாச்சாம்மா? அதே தணிந்த குரல். அதட்டிக் கேட்டாலாவது தாங்கிக்கொள்ளலாம். பெட்டி வாசலைத் தாண்டுவதற்குள் ஊசியைப் போட்டுவிட்டால், சொன்ன சொல் கொஞ்சம் தாமதமாகவாவது நிஜமாகிவிடும். அதுதான் ஓடி வந்தாள்.

டாக்டரம்மா முயலின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். "எப்போலேருந்து சாப்பிடல?"

மூத்தவளுக்குத் தெரியவில்லை. "வீட்ல ஒரு சாவு டாக்டர். யாரும் கவனிக்கல."

"வயித்துல அசைவே இல்லம்மா. இப்ப ஊசி போட முடியாது."

"இன்னிக்கே போடணும். வீட்டு முயலுக்கும் வேணும்தானே?"

"கண்டிப்பா வேணும். செருப்புல வரும், புல்லுல வரும். ஆனா தடுப்பூசி நல்லா இருக்கிற உடம்புக்குத்தான். முதல்ல இது பிழைக்கட்டும்." முயலுக்கு ஏதோ மருந்து ஏற்றிவிட்டு, ஊசியில்லாத ஒரு சிரிஞ்சையும் கூழ் மாதிரித் தீனி அடைத்த ஒரு பொட்டலத்தையும் இவள் கையில் கொடுத்தார். "வாயோரமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. நிறுத்திடாதீங்க."

வீட்டில் அம்மா பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூடையைப் பார்த்தாள்.

"போட்டாச்சுன்னு அவர்கிட்ட சொன்ன ஊசியைப் போடத்தானே போன?"

மூத்தவள் கூடையைக் கீழே வைத்தாள். அம்மா பெட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீ அந்தப் பக்கம் போனதும், ‘இவ போட்டிருக்க மாட்டா’ன்னாரு."

"திட்டினாராம்மா?"

"சிரிச்சாரு. ‘போட்டுடுவா, பாரேன்’னாரு."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், "இன்னிக்கு முடியாதுன்னுட்டாங்கப்பா," என்றாள்.

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றினார்கள். "கூடையை உள்ள வெச்சிட்டு வாக்கா," என்றான் தம்பி.

அவள் வைக்கவில்லை. பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். சிரிஞ்சை முயலின் வாயோரமாகச் செருகி மெல்ல அழுத்தினாள். கூழ் தாடை வழியாக வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி செருகினாள்.

வண்டி கிளம்பியது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க," என்றாள் ஓட்டுநரிடம்.