அரசியல் சாசனமும் ஆறு தப்படியும்

சோவியத் உடைந்து நாங்கள் தனி நாடான மறுவருடம், புது அரசியல் சாசனத்தின் வரைவைப் பத்திரிகையில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாமாம். ஆள் பிடிக்கிற பொறி, எவனும் எழுதாதீர்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். இரண்டே நாளில் நானே எழுதிப் போட்டேன். ‘கோர்ட் சொல்லாமல் ஒருத்தன் சொத்தை எவனும் எடுக்கக் கூடாது.’ என் தாத்தாவின் மந்தையை ஓட்டிப்போனவர்கள் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கோபம். கீழே முழுப் பெயரும் எழுதினேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து முத்திரை குத்திய உறை வந்தது.

“பிரிச்சுப் பாரேன்யா” என்றாள் என் மனைவி அனார்.

“பிரிச்சா வாங்கிக்கிட்டேன்னு ஆயிரும். தாத்தாவுக்கும் இப்படித்தான் ஒரு உறை வந்துச்சு. போனவர் திரும்பலை.”

“நாலாங்கிளாஸ் படிச்ச ஆளுக்குப் பேனா எதுக்கு?” என்று திட்டிக்கொண்டே கம்பளிக் காலுறையும் காய்ந்த ரொட்டியும் மூட்டை கட்டினாள்.

திரும்பி வருவது நிச்சயமில்லை என்றால், நம்மால் தீங்கு அடைந்தவர்களிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். மூட்டையோடு பக்கத்து வீட்டு ஒமுர்பெக்கிடம் போனேன். கூட்டுப்பண்ணையில் கணக்கெழுதியவன், அதனாலேயே அவனை நான் நம்பியதில்லை.

“தம்பி, மன்னிச்சிரு. பண்ணையைக் கலைச்சு நிலம் பிரிச்சப்ப, உன் புல்வெளியில ஆறு தப்படி தின்னுட்டேன்.”

“எல்லைக்கல்லைப் பனி தள்ளிருச்சுன்னு சொன்னீங்களேண்ணே?”

“அந்தப் பனி நான்தான்.”

அவன் என் கையிலிருந்த உறையைப் பிடுங்கிக் கிழித்தான். படித்தான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

“அண்ணே, சட்டக் கமிஷன் உங்களுக்கு நன்றி சொல்லுது! உங்க யோசனை நல்ல யோசனையாம்!”

நான் மூட்டையைத் தோளில் போட்டேன். “அப்ப நான் ஒண்ணும் சொல்லலை. கல்லு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.”

“கோர்ட் சொல்லாம ஒருத்தன் சொத்தை எவனும் எடுக்கக் கூடாது. இதை எழுதினது யாருண்ணே?”

மறுநாள் காலை, அறுபத்தெட்டு வயது இடுப்போடு எல்லைக்கற்களைப் புரட்டினேன். அனார் தப்படி எண்ணினாள். ஆறு ஆனதும் ஒமுர்பெக் மனம் குளிர்ந்து எனக்குத் தேநீர் ஊற்றினான்.

உண்மையில் நான் தின்றது ஒன்பது. கமிஷன் இன்னொரு கடிதம் போட்டால் மிச்சத்தையும் சொல்கிறேன்.