கடைசிப் பத்து மீற்றர்

வானத்தில் சுற்றும் செய்மதிகள் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் சொல்லிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். கையில் இருக்கும் கருவி ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்வதில்லை. அது கேட்கிறது. ஒரு குரல் சற்று முந்தி வருகிறது, இன்னொன்று சற்றுப் பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலை வைத்து எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. நான்கு குரல்கள் கேட்டால் போதும், நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

மருதானையில் ரேடியோ திருத்தும் நண்பன் ஷிப்லி இதை விளக்கியபோது டோரினுக்கு அந்தக் கருவியோடு ஒரு சொந்தம் உண்டாயிற்று. அவளும் கேட்டுப் பிழைக்கிறவள்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், கண்ணாடி அறைகளுக்குள் காத்து நிற்பவர்களுக்கு வெளிநாட்டு அழைப்புகளை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. எல்லாம் வலது காதால்தான். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த அன்று அவள் தெருவின் மறுபக்கத்தில் நின்றாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இடது காது மட்டும் அன்றோடு போய்விட்டது. அதன் பிறகு வலது காதை அவள் கண்ணைப் போல வைத்திருந்தாள். குளிக்கும்போது பஞ்சு, காற்றடித்தால் துணி.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடம் அது. வீதிச் சோதனைச் சாவடிகளை எடுத்தாகிவிட்டது. ஹெந்தளைக்கு அப்பால் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு நெதர்லாந்துக்காரர் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டிருந்தார். எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு போய் யாரும் தேடலாம். பெட்டியில் உள்ள ஒரு சின்னச் சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டு வரவேண்டும். அதுதான் விளையாட்டு.

"ஆரோ ஒளிச்சு வைச்ச பெட்டியை நாங்கள் ஏன் தேடவேணும்?" என்றாள் டோரின். "இவ்வளவு காலமும் பெட்டியைக் கண்டா ஓடு எண்டுதானே சொன்னவை."

"இப்ப சமாதானமாம். பெட்டிக்கும் சேத்து," என்றான் ஹியூபேட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவள் கணவன். தூரத்திலிருந்து பெட்டி தூக்குவது அவனுக்குத் தொழில்.

ஹியூபேட்டோடு வேலை செய்யும் ஒருவருக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னங்காணி இருந்தது. சனிக்கிழமை மதியம் ஷிப்லியும் சேர்ந்து மூவருமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நல்ல நிழல் என்று ஹியூபேட் கூடாரத்தை விரித்த இடத்திலிருந்து ஷிப்லி அதை இழுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனான்.

"தென்னைக்குக் கீழ வேணாம் அண்ணே. தேங்கா ஆளப் பாத்து விழுறதில்ல."

"உன்ன வாப்பா பஞ்சுக்குள்ள வச்சு வளத்திருக்கிறார்."

"அந்தக் காற்சட்டையையும் சொக்ஸுக்குள்ள விடுங்க. மாடு மேயிற எடம். உண்ணி இரிக்கி."

ஹியூபேட் சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டு, சேர்க்கஸ்காரனைப் போல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். டோரின் சிரித்தாள். ஆனால் ஷிப்லி சொன்னதைக் கவனமாகக் கேட்டாள்.

உண்ணி பாயாது, பறக்காது, மரத்திலிருந்து குதிப்பதும் இல்லை. புல்லின் நுனிக்கு ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்கால் இரண்டையும் விரித்து நீட்டியபடி காத்திருக்கும். மூக்கு அந்த முன்கால்களில்தான் இருக்கிறது. நாம் விடும் மூச்சு, உடம்பின் சூடு, நிலம் அதிரும் அதிர்வு எல்லாம் அதற்குத் தெரியும். மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமல் அப்படியே நிற்கும். உரசிக்கொண்டு போகும் முதல் காலையோ கையையோ பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒற்றையடிப் பாதையின் நடுவில் நடந்தால் பெரும்பாலும் தப்பலாம். வெளிர் நிற உடுப்பில் ஊர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். திரும்பி வந்ததும் உடம்பு முழுக்கப் பார்க்கவேண்டும்.

வெயில் சாய்ந்தபோது புறப்பட்டார்கள். சதுப்பின் மேல் ஒளி தேனைப் போல் தேங்கி நின்றது. பன்புல் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. கொக்குகள் பறந்தபோதும் அசையாதவை போலிருந்தன. கருவி முந்நூறு என்றது, எண்பது என்றது, பத்து என்றது. அதற்குமேல் அதற்குத் தெரியாது. அந்தக் குரல்கள் காற்றில் வளைந்து, ஈரத்தில் தாமதித்து வருவதால் பத்து மீற்றர் எப்போதும் சந்தேகமாகவே இருக்கும். அந்தக் கடைசிப் பத்து மீற்றரைக் கண்ணால்தான் தேடவேண்டும், அதற்காகத்தான் ஆட்கள் பாதையை விட்டு இறங்குகிறார்கள்.

டோரின் இறங்கவில்லை. பாதையிலேயே நின்றாள். புன்னை மர வேருக்குள் கையை விட்ட ஹியூபேட் ஒரு பச்சைப் பெட்டியை வெளியே எடுத்தான். அதைச் சுற்றிக் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

அந்த நாடாவைக் கண்டதும் அவளுடைய கால்கள் தாமாகப் பின்னால் போயின. பாதை முடிந்ததோ இடுப்பளவு புல்லுக்குள் நுழைந்ததோ அவளுக்குத் தெரியவில்லை. புல்லின் நடுவில் குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டாள். புல் அவள் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. உள்ளே பச்சையாகவும் இளஞ்சூடாகவும் இருந்தது.

"டோரின், இஞ்ச வந்து பாரும்," என்று ஹியூபேட்டின் குரல் கேட்டது. "ஒரு விசிலும் பிளாஸ்ரிக் டைனோசரும். இதுக்குத்தானா இந்த ஓட்டம்?"

அவன் வந்து கையைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் அவளுடைய முகத்தைக் கண்டான். மேற்கொண்டு பகிடி விடவில்லை.

"அக்கா, நீங்க நல்லாப் பாக்கோணும். புல்லுக்குள்ளயே இருந்தீங்க," என்று கூடாரத்துக்கு வெளியே நின்று ஷிப்லி சொன்னான்.

டோரின் பார்த்தாள். தோள்கள், அக்குள், விலாவின் இரண்டு பக்கமும், இடுப்புப் பட்டி, தொடையின் வெளிப்புறம், கணுக்கால். கைகள் தயங்காமல் போய் வந்தன. சோதனைச் சாவடிகளில் பொலிஸ்காரிகள் அவளை அந்த வரிசையில்தான் தடவிப் பார்ப்பார்கள். பொரளையிலும் கோட்டையிலும் எத்தனை வருடம் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர்களுடைய கைகள் போன வழியே அவளுடைய கைகளும் போயின. தலைமயிருக்குள் அந்தக் கைகள் போனதில்லை. காதுக்குப் பின்னால் எவரும் எதையும் கடத்தியதில்லை.

"ஒண்டும் இல்லை," என்றாள்.

வழக்கம்போல வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தாள். அப்படிப் படுத்தால் உலகத்தை அணைத்துவிடலாம். தவளையும் கணவனின் குறட்டையும் ஒருசேர நின்றுபோகும்.

விடிந்தபோது வானத்தில் ஹெலிகொப்டர் கேட்டது.

"ஹெலி வருது," என்று எழுந்து உட்கார்ந்தாள்.

தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெறும் நீலம். ஆனால் அது நெருங்கி வந்தது. தகரக் கூரையின் மேல் யாரோ சாக்கு இழுப்பது போல, பிறகு நூறு பேர் நடப்பது போல. பிறகு காதுக்குள் ஊசி குத்தியது. அவள் வலது காதைப் பொத்தினாள். பொத்தியபோது சத்தம் இன்னும் பெருத்தது.

ஹியூபேட் அவளுடைய கொண்டை ஊசியை உருவினான். ஷிப்லி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வைங்க அண்ணே அத. டோர்ச் எடுங்க."

வெளிச்சத்தில் காதின் ஆழத்தில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது.

"உண்ணிதான். தோலில எண்டா சின்ன இடுக்கியால வாய்க்குக் கிட்டப் பிடிச்சு நேர இழுத்தாப் போதும். அதட வாயில முள்ளு முள்ளா இரிக்கி. இது செவிப்பறைக்குப் பக்கத்தில. குத்தினா அது இன்னும் இறுக்கும், நாங்க கிழிச்சிருவோம்."

"எண்ணெய் விடுவமா?"

"ஒண்டும் விடவேணாம். டொக்டர்ட்ட போவோம்."

வெள்ளவத்தையில் காது மூக்கு தொண்டை வைத்தியர் கதிர்காமநாதன் ஞாயிறு காலையிலும் ஆட்களைப் பார்ப்பார். வான் வண்டியில் போகும் வழியெல்லாம் அந்த நூறு பேரும் டோரினின் தலைக்குள் நடந்தார்கள். அவள் ஹியூபேட்டின் வாயைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான்.

"எனக்கு இந்த ஒரு காதுதான் டொக்டர்," என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் தலையசைத்து, விறைக்கும் மருந்து சில சொட்டு விட்டார். கால்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிறகு முதலையின் வாயைப் போலத் திறந்து மூடும் மெல்லிய இடுக்கி ஒன்றை உள்ளே செலுத்தினார். அது எப்போது பிடித்தது, எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டில் ஒரு மிளகு கிடந்தது. மிளகுக்குக் கால்கள் இருந்தன.

அவர் எழுதிக் காட்டினார்: செவிப்பறையில் சிறு கிழிசல். பெரும்பாலும் தானாக மூடும். எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

மருந்து தோய்த்த திரியால் காதை அடைத்து அனுப்பினார்.

அந்த நாட்களில் அவளுக்குக் கொட்டாஞ்சேனை தண்ணீருக்குள் இருந்தது. மட்டக்குளி பஸ்கள் மீன்களைப் போல வந்து திரும்பின. கடையில் முதலாளி வேறொரு பெண்ணைத் தொலைபேசியில் இருத்தினார். டோரின் சும்மா போய் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிகளுக்குப் பின்னால் வாய்கள் திறந்தன, மூடின. ஒருவர் அழுதார், பக்கத்து அறையில் ஒருத்தி சிரித்தாள். இவ்வளவு காலமும் குரல்களை மட்டும் தெரிந்துவைத்திருந்தவள், அவற்றுக்கு முகம் இருப்பதை இப்போதுதான் பார்த்தாள். நிரந்தரமாக இப்படித்தான் என்றால், என்று நினைக்கத் தொடங்குவாள். அந்த நினைப்பை முடிக்கமாட்டாள்.

மறுபடி போனபோது வைத்தியர் திரியை எடுத்தார். எந்தச் சத்தமும் ஓடி வரவில்லை.

"டொக்டர் உமக்குப் பின்னால நிண்டு சொல்லப்போறார்," என்று ஹியூபேட் வாயசைத்தும் கையசைத்தும் காட்டினான். "நீர் அதைத் திருப்பிச் சொல்லும்."

கேட்கும் திறனைச் சோதிக்க அது பழைய முறை. முதலில் மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, நெஞ்சில் மிஞ்சும் காற்றால் ஒரு சொல்லைச் சொல்லவேண்டும். அப்போதுதான் குரல் உரக்காது. முகத்தையும் பார்க்கக் கூடாது. டோரின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் சுவர் மட்டுமே இருந்தது. பிறகு அதில் காற்று வீசியது. காற்றுக்குள் ஒரு விளிம்பு இருந்தது.

"சவர்க்காரம்," என்றாள்.

காற்று.

"பப்பாசி."

காற்று.

"சாவி. இல்லை, சாவியில்லை... ஆவி."

மூலையில் ஹியூபேட் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வைத்தியர் முன்னால் வந்தார்.

"போதும். நல்லாக் கேக்குது," என்றார்.

"இன்னும் ஒண்டு சொல்லுங்கோ டொக்டர்."

"ஏன், சந்தேகமோ?"

"சந்தேகமில்லை. சும்மா சொல்லுங்கோ." அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போய், மூச்சை வெளியே விட்டார். அதுவும் அவளுக்குக் கேட்டது.